பாடை சுமப்பவனும் பார்ஸிதான்!

பார்ஸி நாவல்களைப் பற்றி நமது விமர்சகப் பெருமக்கள் எழுதுவதெல்லாம் ஒரே பிலாக்கணமாக இருக்கிறது. "ஐயோ, அருகிவரும் சமூகம்! அந்தப் பழைய வாழ்வு இனி வருமா?" என்று மூக்கைச் சிந்துகிறார்கள்.

எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மையே. 1941-ல், பிரிவினைக்கு முந்திய இந்தியாவில், பார்ஸிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2011-ல் இந்தியாவில் 57,264 பேர். இதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: எந்தப் பார்ஸியின் வாழ்வுக்காக அழுகிறீர்கள்?

சீனாவுக்கு அபினி விற்றுச் செல்வம் குவித்த ஜாம்செட்ஜி ஜீஜீபாய்க்கு 1857-ல் வெள்ளை அரசு பாரனெட் பட்டம் சூட்டியது. அதே சமூகத்தில் பிறந்த தோழர் சக்லத்வாலாவோ, 1924-ல் லண்டன் பாட்டர்ஸி தொகுதியில் கம்யூனிஸ்டாகவே நின்று வென்று, பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே ஏகாதிபத்தியத்தைச் சாடினார். இருவருக்கும் ஒரே வாழ்வா?

நல்ல நாவலாசிரியர்கள் இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. பாப்ஸி ஸித்வாவின் 'தி க்ரோ ஈட்டர்ஸ்' (1978) நாவலில், லாகூர் வியாபாரி ஜங்கிள்வாலா துரைமார்களைக் குளிப்பாட்டியே முன்னுக்கு வருகிறான். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் சொந்தக் கடைக்கே தீ வைக்கிறான். இது அழுகையா, நையாண்டியா?

ரோஹிண்டன் மிஸ்திரியின் 'எ ஃபைன் பேலன்ஸ்' (1995) 1975-ன் நெருக்கடி நிலையைச் சித்திரிக்கிறது. பார்ஸி விதவை தினா, வயிற்றுப்பாட்டுக்காக ஏற்றுமதிக் கம்பெனிக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள். சாதிக் கொடுமைக்கு ஆளான இரண்டு தையற்காரர்களை வேலைக்கு வைக்கிறாள். கம்பெனி இருக்குமிடம் அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள்! பின்னர் அதே வீட்டில் நால்வரும் ஒன்றாகச் சமைத்து உண்கிறார்கள். அந்த வாழ்வைச் சிதைப்பது எது? குடிசை இடிப்பும் கட்டாயக் கருத்தடையும் வீட்டுக்காரனின் அடியாட்களும்தான்.

சைரஸ் மிஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவரது 'கிரானிக்கிள் ஆஃப் எ கார்ப்ஸ் பேரர்' (2012), பம்பாயின் மௌன கோபுரத்துக்குப் பிணம் சுமக்கும் தொழிலாளரின் கதை. அவர்களும் பார்ஸிகளே. ஆனால் சொந்தச் சமூகமே அவர்களைத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைக்கிறது. புரோகிதர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்தத் தொழிலாளியின் மகளை மணந்து, தானும் பாடை சுமக்கிறான். 1942-ல் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதிக்கிறார்கள்!

இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நமது விமர்சகர்கள் வாய் திறப்பதில்லை. செத்த பிரபுவுக்கு ஒரு குடம் கண்ணீர். அவனைச் சுமந்தவனுக்கு ஒரு சொட்டும் இல்லை!

2010-ல் சிவசேனையின் மாணவர் அணி ரோஹிண்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி' நாவலைக் கொளுத்தியது. பம்பாய்ப் பல்கலைக் கழகமும் அதைப் பாடத்திலிருந்து நீக்கியது. வெறும் பிலாக்கணத்துக்கு எவனாவது தீ வைப்பானா? விமர்சகர்களுக்குப் புரியாதது அந்தப் பிற்போக்காளர்களுக்குப் புரிந்திருக்கிறது.

தோழர்களே, இந்நாவல்களைப் படியுங்கள். பங்களாவில் யார் இருந்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பாடையை யார் சுமந்தார்கள் என்றும் கேளுங்கள்!