ஃபார்மட் போடுவதற்கு முன்

ஆசிரியர் உரை

சிஸ்டம் மெதுவாக இருக்கிறதா, பிரிண்டர் எடுக்கவில்லையா, டாஸ்க்பார் உறைந்துவிட்டதா, தமிழ் அடிக்க முடியவில்லையா, எதுவானாலும் நம் சர்வீஸ் மேசைகளில் ஒரே பதில் தயாராக இருக்கிறது: “ஃபார்மட் போட்டு ஓஎஸ் ஏத்திடலாம் அண்ணாச்சி.” பெரும்பாலும் அதில் கோளாறு போய்விடும். கோளாறோடு சேர்ந்து வேறு என்னென்ன போயின என்பது, வாடிக்கையாளர் கணினியைத் தன் இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் முதல் வேலையைத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

இதைப் பேச இப்போது ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர் கணினிகளுக்கு அறிவிக்கப்பட்ட நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 வேண்டும்; இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பிராசசர் வேண்டும். ஆகவே பழைய கணினியை மாற்றுகிறவர்கள், இருப்பதையே மேம்படுத்தக் கேட்கிறவர்கள் என இரு தரப்பாரும் நம்மிடம் வருகிறார்கள். ஒருவருடைய வேலைமேசையை முழுவதுமாகப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கும் பொறுப்பு நம் கைக்கு வருகிறது. இந்த இதழின் சிறப்புப் பகுதி டாஸ்க்பார் அமைப்பையும் அன்றாட ஓஎஸ் கோளாறுகளையும் பற்றியதாக அமைந்ததும் அதனால்தான்.

நகரத்து ஐடி அலுவலகத்தில் இது பெரிய சேதமில்லை. பேக்கப் இருக்கும், சர்வர் இருக்கும், அட்மின் இருப்பார். தூத்துக்குடிக்கு வடக்கே, ராமநாதபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தருவைகுளம் போன்ற ஊரை நினைத்துப் பாருங்கள். விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி மீன் பிடித்துத் திரும்பும் ஊர் அது. கரையில் இருப்பவர்களுக்கு ஓயாத எழுத்துவேலை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்கான நிவாரணம், படகுப் பதிவு, உரிமம் புதுப்பித்தல், மானிய டீசல், மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் பதிவு, பிள்ளைகளின் சான்றிதழ்கள். 2024 ஆகஸ்டில் இவ்வூர் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது செய்தது. அப்படியொரு நாளில் படகின் பதிவுச் சான்றும் ஆட்களின் அடையாள அட்டை நகல்களும் அந்த மணி நேரத்திலேயே தேவைப்படும். இந்தக் கரையில் சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோ நடத்துகிறவரின் கணினி, பாதி ஊரின் காகிதப் பெட்டி.

அந்தக் கணினியின் டாஸ்க்பாரை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பாருங்கள். முதலில் குரோம். அடுத்து ஸ்கேனர் மென்பொருள். மூன்றாவது, இந்த மாதம் ஸ்கேன் செய்தவை இருக்கும் ஃபோல்டர். பிறகு பாஸ்போர்ட் அளவுப் படம் வெட்டும் ஃபோட்டோஷாப். வலது மூலையில் தமிழ் விசைப்பலகைக்கான என்எச்எம் ரைட்டரின் மணி, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கடிகாரம். இந்த வரிசையை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. வேலை நடக்க நடக்க அமைந்தது. விண்டோஸ் விசையோடு 1, 2, 3 என்று தட்டினால் பின் செய்த நிரல்கள் இதே வரிசையில்தான் திறக்கும். வரிசை மாறினால் பழகிய கை தடுமாறும்.

டாஸ்க்பாரைத் தயாரித்தவர்களே இதைத் திரும்பத் திரும்பப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1995 ஆகஸ்ட் 24-இல் விண்டோஸ் 95 வந்தபோது ஸ்டார்ட் பட்டனோடு இந்தப் பட்டையும் வந்தது. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 குவிக் லான்ச்சைக் கொடுத்தது. 2009-இல் விண்டோஸ் 7 பின் செய்யும் வசதியைத் தந்தது. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது. எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டே 8.1-இல் பட்டன் திரும்பியது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 ஐகான்களை நடுவில் வைத்தது. பட்டையை மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தும் வசதியை நீக்கியது. திறந்த ஜன்னல்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் முறையையும் விட்டுவிட்டது. ஒரே நேரத்தில் ஆறேழு பிடிஎஃப் திறந்து வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசி மாற்றம் பெரும் தொல்லை. 2023 இறுதியில்தான் அது திரும்ப வந்தது. இன்று டாஸ்க்பார் செட்டிங்ஸில் அலைன்மென்ட்டை இடப்பக்கமாகவும், பட்டன்களைச் சேர்ப்பதை ‘நெவர்’ ஆகவும் மாற்றினால் விண்டோஸ் 10-இல் பழகியவருக்குப் பாதி அந்நியம் விலகும். ஒரு நிமிட வேலைதான். பல கடைகளில் அதைச் செய்யாமலே கணினியை ஒப்படைக்கிறார்கள்.

“அண்ணாச்சி, கீழ இருந்த மணியக் காணோம். தமிழும் போயிட்டு.” விண்டோஸ் 11-க்கு மாற்றிய மறுநாள் இப்படி ஒரு போன் வரும். பாதி நேரம் தமிழ் எங்கும் போயிருக்காது. புதிதாக வரும் ஐகான்களை விண்டோஸ் அம்புக்குறிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும். டாஸ்க்பார் செட்டிங்ஸில் ‘அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்’ பகுதிக்குப் போய் அந்த நிரலை ஆன் செய்தால் மணி திரும்ப வந்து உட்காரும். மீதிப் பாதிதான் உண்மையான இழப்பு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த மனுக்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஃபைல் பத்திரமாக இருந்தும் படிக்க வழியில்லை. ஃபார்மட்டுக்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை நகலெடுத்திருந்தால் இந்தப் புகாரே வந்திருக்காது.

டாஸ்க்பாரின் பின்களையும் நகலெடுக்கலாம். அவற்றின் குறுக்குவழிகள் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங், மைக்ரோசாஃப்ட், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், குவிக் லான்ச், யூசர் பின்ட், டாஸ்க்பார் என்ற பாதையில் இருக்கின்றன. வரிசை, ரெஜிஸ்ட்ரியில் ‘டாஸ்க்பேண்ட்’ என்ற கீயில் பதிவாகிறது. ஆனால் ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இந்தக் கீயை அப்படியே ஏற்றினால் சரியாக உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது. அதைவிட நம்பகமான வழி, வேலையைத் தொடங்கும் முன் டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, முடித்த பின் அதைப் பார்த்துக் கையாலேயே அடுக்குவது. படகு இன்ஜினைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக் அணியத்தில் அடுக்கி வைத்த வலையைக் கலைத்துவிட்டுப் போனால் எந்த மீனவர் பொறுப்பார்?

கோளாறைக் கண்டுபிடிக்கவும் இதே பட்டை உதவும். வலது மூலைக் கடிகாரம் தவறான ஆண்டைக் காட்டினால், “எந்த வெப்சைட்டும் திறக்கல” என்ற புகாருக்கு விடை அங்கேயே இருக்கிறது. மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி பின்னால் போனதால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். கணினி ஆன் ஆகாமல் பீப் அடித்தால், உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் முதலில் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் பார்ப்பது நம் கைகளுக்குத் தெரிந்த பாடம். டாஸ்க்பார் மட்டும் உறைந்திருந்தால், அது எக்ஸ்ப்ளோரர் நிரலின் ஒரு பகுதிதான் என்பதை நினைவில் வைத்து டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதிலும் தீராவிட்டால் புதிதாக ஒரு யூசர் அக்கவுன்ட் உருவாக்கிப் பாருங்கள். அதில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் விண்டோஸ் நலம், கெட்டது பழைய புரொஃபைல். அப்படி இல்லையென்றால்தான் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி என்ற வரிசையில் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்க வேண்டும். பிரிண்டர் க்யூ அடைத்துக்கொண்டால் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, ஸ்பூல் ஃபோல்டரில் தேங்கியதை நீக்கி, மறுபடி ஓடவிட்டால் போதும். இவற்றில் எதற்கும் ஃபார்மட் தேவையில்லை.

மெதுவாக இருக்கிறது என்று வரும் கணினியில் முதல் சோதனை ஹார்ட் டிஸ்க்கின் உடல்நலம். சாகப்போகும் டிஸ்க்கில் புது விண்டோஸ் ஏற்றினால் இரண்டு மாதம் ஓடும். வாடிக்கையாளர் மறுபடி வரும்போது தரவும் போயிருக்கும், நம் பெயரும் போயிருக்கும்.

பெரிய கோளாறுக்குப் பெரிய வைத்தியம்தான் வேண்டும் என்பதும் உண்மையில்லை. 2021 செப்டம்பர் தொடக்கத்தில், விண்டோஸ் 11-ஐ முன்கூட்டியே சோதித்தவர்களின் கணினிகளில் திடீரென்று ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் செயலிழந்தன. மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிலிருந்து வந்த ஒரு சிறு அறிவிப்புத் தகவல் எக்ஸ்ப்ளோரரைக் குழப்பியதே காரணம். தீர்வு, ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு கீயை நீக்கி ரீஸ்டார்ட் செய்வது. அவசரப்பட்டு ஓஎஸ்ஸை மறுபடி ஏற்றியவருக்கு வேலை வீண். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் மருந்து, சேஃப் மோடில் போய்ப் பிழையான ஃபைலை நீக்குவதுதான்.

அந்த நாளில் பலரைத் தடுத்து நிறுத்தியது பிட்லாக்கர். மறையாக்கம் செய்த டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் கேட்டது. கையில் வைத்திருந்தவர்கள் குறைவு. இது இனி நம் ஊர்க் கடைகளுக்கும் வரும் சிக்கல். புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே மறையாக்கம் தானாக ஆன் ஆகிறது; உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. பயாஸை அப்டேட் செய்வதற்கோ போர்டை மாற்றுவதற்கோ முன் அந்த எண் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு உறுதி செய்யாதவர் அந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

சில எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய டாஸ்க்பாரைத் திரும்பக் கொண்டுவரும் வெளி நிரல்கள் கவர்ச்சியானவை. ஆனால் 24எச்2 பதிப்பு வந்தபோது அவற்றில் சிலவற்றின் பழைய பதிப்புகள் இருந்த கணினிகளுக்கு அப்டேட்டே தடுக்கப்பட்டது. மக்கள் வரிசையில் நிற்கும் மையத்தின் கணினியில் அவை வேண்டாம். டிபிஎம் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பவர்கள், அந்தக் கணினிக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றி வந்தவை அவை. பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் என்றால் ஒரு எஸ்எஸ்டியும் இலகுவான லினக்ஸும் அவற்றுக்கு இன்னும் சில ஆண்டு உயிர் கொடுக்கும். கைரேகைக் கருவியோ கையொப்ப டோக்கனோ இணைக்கும் கணினி என்றால், டிரைவரும் ஆர்டி சர்வீஸும் கிடைக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஓஎஸ்ஸை மாற்ற வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் நாம் ஏன் ஃபார்மட்டை நோக்கியே ஓடுகிறோம்? சோம்பல் காரணமில்லை, பில்தான் காரணம். ஓஎஸ் ஏற்றுவதற்கு ஊருக்கு ஊர் ஒரு ரேட் உண்டு. வாடிக்கையாளர் பேரம் பேசாமல் கொடுப்பார். அரை மணி நேரம் தேடி, ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து சரிப்படுத்தினால், “சும்மா தட்டுனதுக்கா காசு?” என்பார். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத தொழிலில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கோளாறை ஆராயாமல் அழித்து ஏற்றுபவருக்கு அதிகமும், ஆராய்ந்து தீர்த்தவருக்குக் குறைவும் கிடைக்கிற ஏற்பாட்டை நாமேதான் வளர்த்துவிட்டோம்.

இதை மாற்றுவதும் நம் கையில்தான் இருக்கிறது. பில்லில் ‘சோதனைக் கட்டணம்’ என்று தனி வரி போடுங்கள். கணினியை வாங்கும்போதே அதைச் சொல்லுங்கள். என்ன கோளாறு, எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று அதே பில்லில் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததற்குக் காசு கொடுக்க யாரும் தயங்குவதில்லை. ஃபார்மட் தவிர்க்க முடியாதபோது டாஸ்க்பாரின் படம், எழுத்துருக்கள், இணைத்த கருவிகளின் பட்டியல், பிட்லாக்கர் எண் ஆகிய நான்கும் கைவசம் இருக்கின்றனவா என்று பார்த்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு தொடங்குங்கள். ஒப்படைக்கும்போது அவரையே உட்காரவைத்து, ஒரு மனுவைத் தமிழில் அடித்து, ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து, ஒரு கைரேகை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேலை ஓடினால்தான் நம் வேலை முடிந்தது என்று பில் போடுவோம்.