கடைசிக் கூண்டில் ஒரு நாய்

நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயன் வீடுகள் உடைபட்டபோது, சனங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களும் சாமிப் படங்களும் லாரியில் ஏறின. வாசலைக் காத்த நாய்க்கு மட்டும் இடமில்லை. அடுக்குமாடியில் நாய் வளர்க்கப் பல ஊராட்சி மன்றங்கள் அனுமதிப்பதில்லை, என்ன செய்வது? அப்படி நின்றுபோன நாய்களில் சில தெருவில் மடிந்தன. சில, பிராணிகள் காப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

சிலாங்கூரில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் இத்தகைய காப்பகங்களை நடத்தி வருகின்றன. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் குட்டியைத்தான் தேடுகிறார்கள். வளர்ந்த நாய் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், அங்கேயே கிடக்கிறது. கறுப்பு ஆகாது என்று ஒதுக்குவோரும் உண்டு.

வகுப்பில் கடைசி வாங்கில் அமர்ந்து, கை உயர்த்தாமல் இருக்கும் பிள்ளையை மக்கு என்று சொல்லலாமா? அந்த நாயும் அப்படித்தான். சுற்றிலும் ஓயாத குரைப்பு. வருவோர் போவோர் எல்லாரும் அந்நியர். பயந்த நாய் மூலையில் ஒதுங்கும், அல்லது கம்பியில் பாய்ந்து குரைக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இது சரிப்படாது" என்று நாம் அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறோம். வெளியே அழைத்து வந்து அரை மணி நேரம் நடக்கவிட்டுப் பாருங்கள். அதன் உண்மைக் குணம் அப்போதுதான் தெரியும். பிள்ளைகளோடு பழகுமா, கோழியைத் துரத்துமா என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். ஒருமுறைக்கு இருமுறை போய்ப் பாருங்கள்.

நாய்கள் பெரும்பாலும் 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். ஆறு வயது நாய்க்கு இன்னும் பல ஆண்டுகள் உண்டு. அதன் உயரமும் குணமும் முன்கூட்டியே தெரிந்துவிடுவது நமக்கும் வசதிதானே?

வீட்டுக்கு வந்த புதிதில் அது உண்ணாமல் படுத்திருக்கலாம். பயப்பட வேண்டாம். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரப் பழக்கம், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்ற எண்ணம்: இது அனுபவப்பட்டவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அதற்கென ஒரு மூலை, தினமும் ஒரே நேரத்தில் சோறு, பூட்டிய வேலிக்கதவு ஆகியவை அவசியம். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து பள்ளிப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கட்டும். குரல் பழகப் பழக அது தானே அருகில் வரும். சமைத்த கோழி எலும்பு, வெங்காயம் சேர்ந்த குழம்பு, சாக்லெட் ஆகியவை ஆகவே ஆகாது.

உரிமம் எடுங்கள். கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டனவா என்று கேளுங்கள். 2017இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவி உயிர்களைக் குடித்ததை மறக்கலாகாது. நாயை நம் வேலிக்குள் வைத்து, மலாய்க்கார அண்டை வீட்டாரின் சமய உணர்வையும் மதிக்க வேண்டும். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப் போடுவது வளர்ப்பது ஆகாது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, பிராணியைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

எல்லாராலும் நாய் வளர்க்க முடியாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள், வேலி போட்ட வீட்டில் வாழும் அண்ணன் தம்பியிடம் சொல்லலாமே! பழைய துண்டும் நாளிதழும் சேர்த்துக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம்.

கூடவே வந்த நாயை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று நின்றார் தருமர். கோயிலில் வைரவரைக் கும்பிடும்போது பக்கத்தில் நிற்பதும் நாய்தான். குட்டி வாங்கப் புறப்படுகிறவர்கள், போகிற வழியில் காப்பகத்தின் கடைசிக் கூண்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.