தட்டின் ஓரத்தில் கோழி

காலை நிகழ்ச்சியில் ஊருக்கே பேசிவிட்டு வீடு திரும்பினால், நான்கு வயது மகளிடம் என் பேச்சு எடுபடாது. கோழித்துண்டு தட்டின் ஓரத்துக்குப் போய்விடும். “பிள்ளை இளைச்சிட்டாளே” என்று அத்தை சொன்ன அன்று, வாயில் திணித்தேன். அழுதுகொண்டே துப்பினாள். மறுநாள் தட்டைக் கண்டாலே ஓடினாள். அப்போதுதான் பயந்தேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த வயதுக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6, ஒரு குவளைப் பாலில் 6, 50 கிராம் தெம்பேயில் 9. முடிந்தது! பருப்பும் சோறும் கூடுதல் வரவு.

இப்போது முட்டைத் தோசையும் மொறுமொறு தெம்பேயும்தான். கோழி மேசையில் இருக்கும், கேட்டால் கொடுப்பேன். நேற்றும் கேட்கவில்லை. தெம்பேயைத்தான் இரண்டாவது முறை கேட்டாள்.