குளிசையை நிறுத்திய பின்

ஒரு மருந்தை உண்ணத் தொடங்கும்போது நாம் பலரிடம் விசாரிக்கின்றோம். அதனை விடும்போது எவரிடமும் கேட்பதில்லை. தலையிடிக் குளிசையாயின் இதனாற் பெருங்கேடு ஒன்றுமில்லை. கருத்தடைக் குளிசையோ அத்தகையதன்று. அதனை விட்ட மறுவாரமே இல்லறத்தின் போக்கு மாறிவிடக் கூடும்.

இக்குளிசை பற்றி நம் குடாநாட்டில் இருவகை எண்ணங்கள் உலவுகின்றன. “நெடுநாள் உண்டால் கருப்பை கெட்டுவிடும், பின்னர் பிள்ளை தங்காது” என்று மாமிமார் அஞ்சுவர். “இத்தனை ஆண்டு உண்டோமே, மருந்து உடம்பில் ஊறியிருக்கும், நிறுத்தினாலும் சில மாதம் காக்கும்” என்று இளம் மனைவியர் நம்புவர். ஒன்று அச்சம், மற்றது அசட்டை. இரண்டும் பிழையென்பதை ஒரே உண்மை காட்டிவிடும்: குளிசை உண்ணும்வரை காக்கும், விட்டால் காவாது.

இதற்கு அக்குளிசையின் வரலாறே சான்று. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரையடுத்த பகுதியில் ஜோன் றொக் என்னும் மகப்பேற்று வைத்தியர், பிள்ளையின்றி வருந்திய 80 பெண்களுக்குச் சில மாதங்கள் ஓமோன் மருந்து கொடுத்தார். அம்மருந்தை நிறுத்திய 4 மாதங்களுக்குள் அவர்களுள் 13 பேர் கருவுற்றனர். அதன்பின் அவரும் கிரெகரி பிங்கஸ் என்னும் அறிஞரும் கூடி உழைத்ததன் பயனாகவே, 1960இல் அமெரிக்க அரசு கருத்தடைக்கென ஒரு குளிசையை அனுமதித்தது. மருந்தை விட்டதும் கரு உண்டாகும் என்பது, அதனை ஆக்கியோர் தொடக்கத்திலேயே கண்ட செய்தி என்க.

நம் நாட்டிலும் இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியபோது, அதன் முன்னோடிகளுள் ஒருவராய் நின்றவர் டாக்டர் சிவா சின்னத்தம்பி என்னும் தமிழ்ப் பெண்மணி. 1965இல் அரசாங்கம் இப்பணியைத் தாய் சேய் நலத்தோடு இணைத்து ஏற்றுக்கொண்டது. இன்று குடும்பநல மருத்துவமாது நம் படலைக்கே வந்து விசாரிக்கின்றார். ஆயினும் அவரிடம் கேட்கக் கூசுகின்றோம்.

குளிசை செய்யும் தொழில் யாது? மாதந்தோறும் சினைப்பையினின்று முட்டை வெளிப்படுவதை அது தடுக்கின்றது. 28 குளிசை கொண்ட அட்டையில் 21 மட்டுமே மருந்து. எஞ்சிய 7இல் அம்மருந்து இல்லை. அந்த 7 நாள் இடைவெளிக்கு மேற் செல்ல விட்டால் முட்டை வெளிப்படக் கூடும். நிறுத்திய சிலருக்கு இரண்டு மூன்று கிழமைகளிலேயே அது நிகழும். முட்டை முன்னர் வந்து மாதவிடாய் பின்னரே வருவதால், “இன்னும் தீட்டு வரவில்லையே” என்று காத்திருப்பவள் அதற்குள் கருவுற்றிருத்தலும் கூடும். விந்தணு உடலுள் 5 நாள்வரை உயிர்வாழும் ஆதலால், அட்டையின் நடுவில் நிறுத்துவோருக்கு நிறுத்துமுன் கூடிய கூட்டமும் கருவாகலாம்.

கணவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ தொழில் பார்க்கும் குடும்பங்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவர் போனதும் குளிசையை விட்டு, விடுமுறையில் வந்த அன்று மீண்டும் ஒன்றை விழுங்குதல் பயன் தராது. மாதவிடாய் தொடங்கிய முதல் 5 நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே காப்புண்டு. வேறு நாளில் ஆரம்பித்தால், கருவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதல் 7 நாளும் ஆணுறையைத் துணைக்கொள்ளல் வேண்டும். குளிசை ஒவ்வாமல் நிறுத்துவோர், அட்டையை முடித்த கையோடு லூப்பையோ வேறொரு முறையையோ வைத்தியரின் ஆலோசனையுடன் கைக்கொள்க. கடுந் தலைவலி, நெஞ்சுநோ, கால்வீக்கம் முதலியன கண்டு நிறுத்துவோர் அட்டை முடியும்வரை காத்திராது உடனே வைத்தியரை நாடுக.

மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசியையும் குளிசையையும் ஒன்றெனக் கொள்ளற்க. ஊசியை விட்டபின் கருவுறப் பல மாதம், சிலருக்கு ஓராண்டும் செல்லும். அயல்வீட்டாளின் ஊசிக் கணக்கைத் தன் குளிசைக்குப் பொருத்தியதால் இடர்ப்பட்டோர் உளர்.

தவறு நேர்ந்துவிட்டால் மறைத்து வைத்தல் தீது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக, அவசர கருத்தடைக் குளிசையைப் பாமசியிற் பெறலாம். நாள் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்க. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே இன்றும் நிலவுகின்றது. ஆதலின் கள்ளக் கைகளை நாடி உயிரைப் பணயம் வைக்கும் நிலை வாராமற் காப்பதே அறிவுடைமை.

இனி, பிள்ளை வேண்டிக் குளிசையை விடுவோர் மாமிமாரின் அச்சத்தை ஒதுக்கிவிடலாம். அவர்களுள் பத்தில் எண்மர் அளவில் ஓராண்டுக்குள் கருவுறுகின்றனர். ஆயின் விடுமுன்னரே ஒரு கடமை உண்டு. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் கருவின் முதல் மாதத்திலேயே உருவாகத் தொடங்குகின்றன. அவை செவ்வனே அமையத் துணைபுரியும் போலிக் அமிலக் குளிசையை 3 மாதம் முன்னதாகவே உண்ணுதல் நன்று. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அது கிடைக்கும்.

வரும் பிள்ளை வேண்டி வந்த பிள்ளையாய் இருத்தல் வேண்டும். அதற்குக் கணவனும் மனைவியும் கூடிப் பேசுதலே முதற்படி. இளைஞரும் மாணவரும் இதனை வெட்கத்துக்குரிய பேச்சாகக் கொள்ளாது, உடல்நலக் கல்வியாகக் கொள்வாராக.