போஸ்டருக்குப் பக்கத்தில் பில்லையும் மாட்டுங்கள்

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்கும் மியூசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. போன மாதம் வரை எனக்கும் அதே சந்தேகம்தான்.

இந்த செமஸ்டரில் ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று ஒரு விருப்பப் பாடம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு மியூசியம் கண்காட்சியைத் திட்டமிட வேண்டும். காகிதத்தில் மட்டும்தான், ஆனால் பட்ஜெட், இன்ஷூரன்ஸ், காட்சி அமைப்பு எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு கிதார் பைத்தியம் உண்டு. அவன் புண்ணியத்தில் கிடைத்த தலைப்பு: 1960களின் சான் பிரான்சிஸ்கோ ராக் கச்சேரி போஸ்டர்கள். இரண்டு வாரம் படித்தோம். மூன்றாவது வாரம் சண்டை போட்டோம். கடைசியில் 4-1 என்று நான் தோற்றேன். தோற்றவன் பேச்சு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1966ல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு அரங்குகள் பிரபலம். ஒன்று பில் கிரஹாம் நடத்திய ஃபில்மோர். இன்னொன்று செட் ஹெல்ம்ஸின் ஃபேமிலி டாக் குழு கச்சேரி நடத்திய அவலான். வாராவாரம் கச்சேரி, அதற்கு ஒரு புது போஸ்டர். வெஸ் வில்சன், விக்டர் மொஸ்கோசோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி ஆகியோரை 'பெரிய ஐவர்' என்பார்கள். எழுத்துகள் தீ மாதிரி நெளியும், நிறங்கள் கண்ணைப் பறிக்கும். படிக்கவே முடியவில்லை என்று கிரஹாமே குறைப்பட்டதுண்டு. படிக்க முடியாததால்தான் ஜனங்கள் நின்று பார்த்தார்கள் என்பது வேறு கதை.

இனி சண்டைக்கு வருவோம்.

நண்பர்களின் திட்டம் ரொம்ப சிம்பிள். கறுப்புச் சுவர். சட்டம் போட்ட அறுபது போஸ்டர்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு: ஓவியர் பெயர், ஆண்டு, 'ஆஃப்செட் லித்தோகிராஃப்'. முடிந்தது. பார்ப்பவர் 'ஆகா, என்ன கலை!' என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்கு நகர்வார்.

நான் கேட்டது ஒன்றுதான். அந்தச் சீட்டில் இன்னும் நாலு வரி சேருங்கள். இதற்குக் காசு கொடுத்தது யார்? அச்சடித்தது யார்? உரிமை யாரிடம் இருந்தது? விற்ற காசு யாருக்குப் போனது?

"உனக்கு எதைப் பார்த்தாலும் லெட்ஜர்தான் தெரியும்" என்றார்கள். சிரித்தார்கள். சரி, தெரியட்டுமே! அந்த நாலு வரி இல்லாமல் இந்த போஸ்டர்கள் புரியவே புரியாது என்பதுதான் என் வாதம்.

வெஸ் வில்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்மோரின் ஆரம்பகால போஸ்டர்களில் பெரும்பாலானவை அவருடையவை. கச்சேரி முடிந்து வெளியேறுகிறவர்களுக்கு கிரஹாம் போஸ்டரை இலவசமாகக் கொடுப்பார். போகப்போக போஸ்டரே தனியாக விற்க ஆரம்பித்தது. அந்த வருமானத்தில் தன் பங்கு என்ன என்பதில் வில்சனுக்கும் கிரஹாமுக்கும் தகராறு வந்து, 1967 மே மாதம் வில்சன் விலகினார். கிரஹாமுக்காக அப்போது கடைசியாக வரைந்த போஸ்டரில் டாலர் குறியோடு ஒரு பாம்பை வரைந்து வைத்துவிட்டுப் போனார். இந்தச் சண்டை தெரியாமல் அந்த போஸ்டரைப் பார்ப்பவருக்கு அது ஒரு அழகான பாம்பு. தெரிந்து பார்ப்பவருக்கு அது ஒரு ராஜினாமாக் கடிதம். இப்போது சொல்லுங்கள், கணக்கு கலைக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?

மொஸ்கோசோ இன்னும் சுவாரசியம். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர். மனிதர் நியான் ரோஸ் என்ற பெயரில் தன் போஸ்டர்களைத் தானே வெளியிட ஆரம்பித்தார். மேட்ரிக்ஸ் என்ற சின்ன கிளப்புக்கு அப்படித்தான் வரைந்தார். உரிமை அவரிடமே இருந்தது. ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே மாதிரி போஸ்டர். ஒருவர் பங்கு கேட்டுச் சண்டை போட்டு வெளியேறுகிறார், இன்னொருவர் தானே முதலாளி ஆகிறார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, கீழே வெறும் பெயரையும் ஆண்டையும் எழுதினால் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அடுத்து, பெயர் விஷயம். வில்சன் போன பிறகு ஃபில்மோர் போஸ்டர்களை வரைந்தவர் போனி மெக்லீன். அதற்கு முன்பு அரங்குக்குள் அறிவிப்புப் பலகைகளை எழுதிக்கொண்டிருந்தவர், பிற்பாடு கிரஹாமின் மனைவி. 1967ல் வரிசையாக வரைந்து தள்ளியிருக்கிறார். ஆனால் பட்டம் 'பெரிய ஐவர்', ஐவரும் ஆண்கள். எங்கள் அறுபதில் மெக்லீனுக்கு இரண்டே இடம். கேட்டால், "அவங்க அந்த லிஸ்ட்ல இல்லையே" என்று பதில். லிஸ்ட் போட்டது யாரப்பா?

இன்னொன்று. 1966 செப்டம்பரில் அவலானில் நடந்த கிரேட்ஃபுல் டெட் கச்சேரிக்கு மவுஸும் கெல்லியும் செய்த, ரோஜாமாலை சூடிய எலும்புக்கூடு போஸ்டர் உலகப் பிரசித்தம். அந்த எலும்புக்கூடு அவர்கள் வரைந்தது அல்ல. உமர் கய்யாமின் ருபாயத்துக்கு எட்மண்ட் சல்லிவன் என்ற ஆங்கிலேயர் வரைந்த படம். நூலகத்தில் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் குற்றம் சொல்லவில்லை. எழுத்தையும் நிறத்தையும் சேர்த்து அதை வேறொன்றாக ஆக்கியது அவர்கள் திறமை. ஆனால் சீட்டில் சல்லிவன் பெயர் வேண்டாமா? அச்சடித்தவர் பெயர் வேண்டாமா? இதில் பல போஸ்டர்களை அச்சிட்ட லெவோன் மோஸ்கோஃபியன் என்ற மனிதரைப் பற்றி எங்கள் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றால், போன வருட லீவில் எங்கள் பகுதியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் இரண்டு மாதம் பில் போட்டேன். ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தாலும் மொத்தத் தாளும் வீண். மெஷின்மேன் அண்ணன் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்ப்பார். கோளாறு வந்தால் திட்டு அவருக்கு, நன்றாக வந்தால் பாராட்டு டிசைனருக்கு. மொஸ்கோசோவின் நிறங்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்வது போலத் தெரிகிறதென்றால், அந்த மோதலை மெஷினில் பிடித்து நிறுத்திய ஒரு கை இருக்கிறது. அந்தக் கையை இன்று மியூசியமும் மறைத்தால் வேறு யார் காட்டுவார்கள்?

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். "அந்த ஓவியர்களே 1967ல் மூர் கேலரியில் ஜாயின்ட் ஷோ என்று கண்காட்சி வைத்தார்களே! சட்டம் போட அவர்களுக்கே சம்மதம், உனக்கென்ன?" என்றான் கிதார் பைத்தியம். நல்ல பாயிண்ட். நான் சட்டம் போடாதே என்று சொல்லவில்லையே. சட்டத்துக்குள் கலையை மட்டும் வைத்துவிட்டு வியாபாரத்தை வெளியே தள்ளாதே என்கிறேன். மியூசியத்தின் மேல் எனக்கு விரோதமும் இல்லை. வில்சனின் நெளியும் எழுத்துக்கு முன்னோடி, நூற்றாண்டுத் தொடக்கத்தில் வியன்னாவில் ஆல்ஃப்ரெட் ரோலர் வரைந்த எழுத்துகள். அவையும் கண்காட்சி விளம்பரங்களே.

இன்னொரு தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். 1959 பிப்ரவரி 3, மின்னசோட்டா மாநிலம் மூர்ஹெட் ஊரில் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ் முதலானோரின் கச்சேரிக்கு ஒரு போஸ்டர் உண்டு. அன்று விடியும் முன்பே அயோவாவில் விமானம் விழுந்து அவர்கள் இறந்துபோனார்கள். நிகழ்ச்சி ரத்தாகவில்லை, உள்ளூர்ப் பையன்கள் மேடை ஏறினார்கள். அந்த போஸ்டர் 2022ல் ஏலத்தில் 4,47,000 டாலருக்குப் போனது. முன்னோட்டமாக வாசலில் அதன் நகல் ஒன்றை வைப்போம் என்றேன். "அது வெறும் எழுத்து அட்டை, ஓவியர் பெயரே கிடையாது, ஊரும் வேற" என்று தள்ளிவிட்டார்கள். போஸ்டர் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக எது சொல்லும்? வணிகச் சட்டத்தில் விளம்பரத்தை முன்மொழிவு என்று சொல்ல மாட்டார்கள், முன்மொழிவுக்கான அழைப்பு என்பார்கள். இந்த நாள், இந்த இடம், இவ்வளவு டிக்கெட், வாருங்கள் என்ற அழைப்பு. அந்த அட்டையில் அழைத்தவர்கள் வரவே இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறவன் இல்லை நான். என் மாற்றுத் திட்டம் இதுதான்.

ஒன்று, மேலே சொன்ன நாலு வரிச் சீட்டு. தகவல் கிடைக்காத இடத்தில் 'தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதலாம்.

இரண்டு, காகிதம் வெளுக்காமல் இருக்க மியூசியங்களில் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். தெரு வெயிலில் கத்துவதற்காகப் போட்ட நிறத்தை மங்கிய அறையில் பார்த்து என்ன பயன்? மூலத்தை உள்ளே வையுங்கள், வாசல் வெளிச்சத்தில் மறுஅச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். செலவு சொற்பம்.

மூன்று, வெளியேறும் வழியில் கிஃப்ட் ஷாப் வைத்து மறுஅச்சை விற்காதீர்கள். கிரஹாம் வெளியேறும் வழியில் சும்மா கொடுத்த பொருள் அது. எங்கள் பட்ஜெட்டில் பளபள கேட்லாக்குக்கு ஒதுக்கிய தொகையில் பாதி போதும், வருகிற எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்துவிடலாம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்கும் 4-1.

கலை என்றால் காசைப் பற்றிப் பேசக் கூடாது என்பது, காசு வாங்கிக்கொண்டவர்களுக்கு மட்டும் வசதியான நாகரிகம். வரைந்தவனுக்கும் அச்சடித்தவனுக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுடைய கண்காட்சியில் அவர்களுடைய பில்லும் சுவரில் தொங்கட்டும்.

டிஸ்கி: திட்டத்தைச் சமர்ப்பித்தாகிவிட்டது, கறுப்புச் சுவரோடுதான். பட்ஜெட் பக்கத்தைத் தயாரித்தது நான் என்பதால் கடைசி வரியில் 'அச்சகத்தார் பெயர்ப் பலகை, 1' என்று ஒரு செலவைச் சேர்த்துவிட்டேன். இன்னும் யாரும் கவனிக்கவில்லை :)