ஷூ போகலாம், ஆள் போகக் கூடாது

ஆம்பூரில் அப்பர் தைத்து, சோல் ஒட்டி, டப்பாவில் அடைத்த ஷூ சென்னை துறைமுகம் வழியாக ஐரோப்பா போகிறது. நானும் ஆன்சைட் வேலைக்கு அப்படித்தான் போனேன். குடியேற்ற அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "எந்த கம்பெனி?" அந்த ஷூவின் தோலைப் பதனிட்ட கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று சொல்ல ஒருவர் கிளம்பினால் அவருக்கும் இவ்வளவு சுலபமாக வழி விடுவார்களா?

2015 ஜனவரி 11 அன்று விடவில்லை. க்ரீன்பீஸ் அமைப்பின் பிரியா பிள்ளை, மத்தியப் பிரதேசத்தின் மஹான் காட்டில் வரவிருந்த நிலக்கரிச் சுரங்கம் பற்றி பிரிட்டிஷ் எம்.பி.க்களிடம் பேச லண்டன் கிளம்பினார். சுரங்கத்தில் பங்கிருந்த எஸ்ஸாரின் எரிசக்தி நிறுவனம் பிரிட்டனில் பதிவானது, அதனால்தான் லண்டன். விசா இருந்தது. ஆனால் உளவுத்துறை கேட்டு முந்தின நாளே லுக் அவுட் சுற்றறிக்கை போயிருந்தது. அவருக்கு அது தெரிந்ததே டெல்லி விமான நிலையத்தில்தான். பாஸ்போர்ட்டில் 'ஆஃப்லோட்' என்று முத்திரை. ஏதோ சரக்கை இறக்குகிற மாதிரி. அவர் பேசினால் நாட்டின் பெயரும் பொருளாதார நலனும் கெடும் என்றது அரசு. மார்ச் 12 அன்று நீதிபதி ராஜீவ் ஷக்தேர் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தார். நல்லது. ஆனால் அந்த லண்டன் கூட்டம்? அது போனது போனதுதான்.

அதே ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். நாட்டின் பெயரை எது கெடுத்தது, நீங்களே சொல்லுங்கள்.

"வீட்டுச் சண்டையை வெளியே கொண்டுபோகாதே" என்பார்கள். இது வீடா? ஷூவின் விலை, ரசாயனம், டெலிவரி தேதி எல்லாம் வெளிநாட்டு பையர் வைத்தது. 1990 வாக்கில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்ததும் நம்ம தோல் ஷாப்காரர்கள் மாறித்தான் ஆனார்கள். இங்கேயோ வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் வழக்குப் போட்டு 1996இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. பாலாறு மாசுக்கு இழப்பீடு கொடு என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

கூடிச் செயல்படவும் முட்டுக்கட்டை உண்டு. 2020 எஃப்சிஆர்ஏ திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய அமைப்பு அதை உள்ளூர்ச் சிறு குழுவுக்குப் பிரித்துத் தர முடியாது. வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் பெண்கள் ஒரு குழு அமைத்தால் டெல்லி கிளையில் கணக்கு, தனிப் பதிவு என்று அலைய வேண்டும். வெளிநாட்டு ஆர்டர் பணத்துக்கு இந்தச் சந்தேகம் கிடையாது.

ஆர்டர் போனால் அந்தப் பெண்களின் கூலியும் போகுமே என்ற பயம் நியாயமானது. அதையும் அவர்களே பையரின் ஊருக்குப் போய்ச் சொல்லட்டும். ஆர்டரை நிறுத்தாதே, கூலியை உயர்த்து, கழிவுக்கும் காசு வை என்று கேட்கட்டும்.