டேங்க் மாத்தியாச்சு... டேப் எங்கே இடிக்குது?

அண்ணாமலை நகர் பக்கம் வகுப்பு விடுகிற நேரத்தில் ரெண்டு விதமான புல்லட்டைப் பார்க்கலாம். ஒண்ணு புதுசு. சாவியைத் திருப்பினதும் ‘ங்ங்’னு சின்னதா ஒரு சத்தம் வரும். அது டேங்குக்குள்ளே இருக்கிற ஃப்யூயல் பம்ப். பட்டனை அமுக்கினா வண்டி கிளம்பிடும். இன்னொண்ணு அப்பாவோ மாமாவோ ஓட்டின பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் வண்டி. வலது காலில் கியர். கிளம்புறதுக்கு முன்னாடி ஓனர் குனிஞ்சு டேங்குக்கு அடியில் எதையோ தடவுவார். சாமி கும்பிடலை பாஸ்... பெட்ரோல் டேப்பைத் திறக்கிறார்!

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் புது பைக்குகளில் இருந்து கார்புரேட்டர் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. அதோட சேர்ந்து இந்த டேப்பும் போச்சு. ஆனா, பழைய புல்லட்டை வாங்கி ‘கஃபே ரேஸர்’ ஆக்குற ஆசை மட்டும் போகலை. நீளமான டேங்க், ஒத்தை சீட்டு, தாழ்ந்த ஹேண்டில்பார்... கடலூர் சில்வர் பீச்சில் நிறுத்தி போட்டோ எடுத்தா சூப்பராத்தான் இருக்கும். அந்த போட்டோவில் தெரியாத ஒரு இடம் இருக்கு. டேங்குக்கு அடியில் கை நுழையாத அந்த ரெண்டு இன்ச் சந்து. இந்த வாரம் நாம கை வைக்கப் போறது அங்கேதான்.

பழைய புல்லட்டில் பம்ப் எதுவும் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவில் ஒரு டேப். பெட்ரோல் தன் எடையிலேயே இறங்கும். கம்பெனிக்காரங்க டேங்க், டேப், கார்புரேட்டர் மூணையும் ஒண்ணுக்கொண்ணு இடிக்காம அளவெடுத்து வச்சிருப்பாங்க. நீங்க அதில் ஒண்ணை மாத்தினாலும் மத்த ரெண்டும் தகராறு பண்ணும். புது டேங்கோட அடிப்பாகம் கொஞ்சம் தாழ்வா இருக்கலாம். இல்லேன்னா 350-ல் இருக்கிற 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் கார்புரேட்டரைக் கழட்டிட்டு 500-க்கு வர்ற 28 மில்லிமீட்டரை மாட்டியிருப்பீங்க. அது உருவத்திலும் பெருசு. சிலர் ஒரு படி மேலே போய் 70 மில்லி போர் சிலிண்டருக்குப் பதிலா 84 மில்லி 500 சிலிண்டரையே ஏத்திடுவாங்க. ஹெட்டும் அகலமாயிடும். அப்புறம் டேங்கைத் தூக்கி வச்சா ‘டக்’னு ஒரு சத்தம். டேப்போட வாய் போய் கார்புரேட்டர் மூடியில் உட்கார்ந்திருக்கும்!

(500 சிலிண்டர் ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வச்சு சொல்லியிருக்கு. ஆர்.சி.யில் 346 சி.சி.ன்னு இருந்து இன்ஜின் வேற மாதிரி இருந்தா, புதுப்பிக்கப் போறப்பவும் இன்ஷூரன்ஸ் கேட்கப் போறப்பவும் மாட்டுவீங்க.)

‘லேசாத்தானே இடிக்குது, அழுத்தி போல்ட்டைப் போட்டுடலாம்’னு ஒரு ஃப்ரெண்ட் கண்டிப்பா சொல்வான். கேட்காதீங்க. புல்லட் அதிர்ற அதிர்ச்சி உங்களுக்குத் தெரியும். டேப் எதிலாவது முட்டிக்கிட்டு இருந்தா, ஒவ்வொரு அதிர்வும் டேங்கோட மரையில்தான் இறங்கும். முதல்ல ஈரம் கசியும், அப்புறம் சொட்டும். கீழே இருக்கிறது சூடான சிலிண்டர் ஹெட். அதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு ஆபத்து யாருக்கும் சட்டுனு தோணாது. ஆக்சிலரேட்டர் கேபிள் கார்புரேட்டரோட மேல் மூடி வழியாத்தான் உள்ளே போகுது. டேப் அந்தக் கேபிளை நெருக்கினா, ஹேண்டிலைத் திருப்புறப்போ கேபிள் இழுபட்டு வண்டி தானா ரேஸ் ஆகும். திருப்பத்தில் திரும்பறப்போ இப்படி ஆனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, எங்கே எவ்வளவு இடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? டேங்க் மாட்டின பிறகு கண்ணும் போகாது, ஸ்கேலும் போகாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்து ஒரு உருண்டை சப்பாத்தி மாவு வாங்கிட்டு வாங்க. நிஜமாத்தான். பெட்ரோலை முழுசா வடிச்சுட்டு, இன்ஜின் ஆறின பிறகு, மாவை பாலித்தீன் தாளில் சுத்தி கார்புரேட்டர் மூடி மேலேயும் ஹெட் மேலேயும் ஒட்டி வையுங்க. டேங்கை மாட்டி போல்ட்டை வழக்கம் போல இறுக்குங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க. ஒருத்தரை டேங்க் மேலே கையை ஊன்றி அழுத்தச் சொல்லுங்க. ஏன்னா டேங்க் ரப்பர் புஷ் மேலே உட்கார்ந்திருக்கு, கொஞ்சம் ஆடும். இப்போ கழட்டிப் பார்த்தா மாவு எங்கே நசுங்கியிருக்கோ அங்கேதான் இடைஞ்சல். ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி ஆழத்தை அளந்துக்குங்க. ஒரு பென்சில், அதாவது ஏழு மில்லி, தாராளமா நுழையற இடைவெளி வேணும்ங்கிறது என் கட்சி. ரெண்டு மில்லி போதும்னு சொல்ற மெக்கானிக்கும் உண்டு. அவர் வண்டியை அவர் ஓட்டட்டும்.

அளந்தாச்சு. உடனே வெல்டிங் பட்டறைக்கு ஓடாதீங்க. பல நேரம் பிரச்னை டேப் இருக்கிற இடத்தில் இல்லை, அது திரும்பி நிக்கிற திசையில்தான். வாய் முன்பக்கம் பார்த்து நிக்கிற டேப்பை பின்பக்கம் பார்க்க வச்சா பாதி கேஸ் முடிஞ்சுடும். ஆனா, இறுக்கின டேப்பை கால் சுத்து பின்னாடி திருப்பி விட்டா ஒழுகும். இங்கேதான் ஒரு அழகான கணக்கு இருக்கு.

பிரிட்டிஷ் வழியில் வந்த பழைய டேங்குகளில் பெரும்பாலும் கால் இன்ச் பி.எஸ்.பி. மரை. ஒரு இன்ச்சுக்கு 19 பல். டேப்பை ஒரு முழு சுத்து சுத்தினா 1.34 மில்லி உள்ளே போகும். அப்போ கால் சுத்துக்கு? சுமார் 0.33 மில்லி! அதாவது, டேப்புக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கிற வாஷரோட தடிமனை 0.33 மில்லி மாத்தினா, டேப் இறுகி நிக்கிற திசை 90 டிகிரி மாறிடும். வாஷர் தடிச்சா கால் சுத்து முன்னாடியே நிக்கும். மெலிஞ்சா கால் சுத்து தாண்டிப் போய் நிக்கும். ஃபைபர் வாஷரை கண்ணாடி மேலே விரிச்ச எமரி பேப்பரில் தேய்ச்சு மெலிசாக்கலாம். ஃபிசிக்ஸ் லேப்பில் ‘திருகு அளவி’ன்னு ஒண்ணைக் கையில் கொடுத்து கம்பியோட விட்டத்தை அளக்கச் சொன்னாங்களே... அது எதுக்குன்னு இப்பவாவது புரியுதா? செலவு, ஒரு டீயை விடக் கம்மி.

ஒரு எச்சரிக்கை. புதுப்பேட்டையில் கிடைச்சதுன்னு ஏதோ ஒரு டேப்பைக் கொண்டு வந்து மாட்டறப்போ, ரெண்டு சுத்துக்கு மேலே கையால் போகலைன்னா நிறுத்திடுங்க. அது மெட்ரிக் மரையா இருக்கலாம். ஸ்பானர் போட்டு ஏத்தினா டேங்க் மரை காலி. அப்புறம் ஊரே உங்களைப் பார்த்து ‘மரை கழண்டவன்’னு சொல்லும். ஆர்.எக்ஸ்.100 மாதிரி ஜப்பான் டிசைன் வண்டிகளில் டேப் ரெண்டு ஸ்க்ரூவில் டேங்கோட அடியில் ஒட்டிக்கிட்டு நிக்கும். அங்கே இந்த வாஷர் வித்தை பலிக்காது. வாய் வேற பக்கம் இருக்கிற டேப்பைத்தான் தேடணும்.

திசை மாத்தியும் இடம் பத்தலைன்னா, டேங்கைத் தூக்குங்க. முன் போல்ட்டுக்கு அடியில் கூடுதலா ஒரு கெட்டி ரப்பர் வாஷர் வச்சா அஞ்சாறு மில்லி கிடைக்கும். போல்ட்டும் அதே அளவு நீளமா இருக்கணும், நட்டில் ரெண்டு மரை மட்டும் பிடிச்சுக்கிட்டு தொங்கக் கூடாது. டேங்கோட பின்பக்கம் சீட்டில் உரசுதான்னும் பாருங்க.

மூணாவது வழியா சிலர் டேங்கில் வெறும் குழாயை மட்டும் விட்டுட்டு, டேப்பை ட்யூபுக்கு நடுவில் வைப்பாங்க. பார்க்க நீட்டா இருக்கும். எனக்கு அவ்வளவா பிடிக்காது. டேங்குக்கும் டேப்புக்கும் நடுவில் இருக்கிற ட்யூப் கழண்டா மூடறதுக்கு வழியே இல்லை, மொத்தப் பெட்ரோலும் இன்ஜின் மேலேதான். ரிசர்வும் போயிடும்.

ரிசர்வ்னதும் ஞாபகம் வருது. டேப்புக்கு மேலே டேங்குக்குள்ளே ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும். பெட்ரோல் அதோட தலைக்குக் கீழே இறங்கினா ‘மெயின்’ முடிஞ்சது. அடியில் மிச்சம் இருக்கிறதுதான் ரிசர்வ். வேற டேப் மாட்டினா குழாயோட உயரமும் வேற. பழைய கணக்கை நம்பி கடலூரில் இருந்து கிளம்பினா, சிதம்பரம் வர்ற 45 கிலோமீட்டரில் புதுச்சத்திரம் பக்கத்திலேயே வண்டி நின்னாலும் நிக்கும். அப்படி நின்னா ஒரு தந்திரம் இருக்கு. டேங்கோட அடியில் நடுவில் ஃப்ரேம் பைப்புக்காக ஒரு பள்ளம் உண்டு. டேப் ஒரு பக்கம் மட்டும் இருந்தா, மறுபக்கப் பள்ளத்தில் தேங்கின பெட்ரோல் டேப்புக்கு வரவே வராது. வண்டியை டேப் இருக்கிற பக்கமா நல்லா சாய்ச்சு நிமிர்த்துங்க. சில கிலோமீட்டருக்கு வழி பிறக்கும். கஃபே ரேஸர் டேங்க் வாங்கறப்போ இந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம், டேப் எந்தப் பக்கம்னு பார்த்து வாங்கினா இந்த சர்க்கஸே வேண்டாம்.

ட்யூப் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி ட்யூபை மாட்டினா சில மாசத்தில் மஞ்சளாகி விறைச்சுப் போகும். 2025 முதல் பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். பழைய வண்டியோட ரப்பர் அதுக்காகச் செஞ்சது இல்லை, ஊறி உப்பிடும். எத்தனால் தாங்கும்னு போட்ட ட்யூபா வாங்குங்க. டேப்பில் இருந்து கார்புரேட்டர் வரைக்கும் இறக்கமாவே போகணும். நடுவில் மேலே ஏறி இறங்கினா காத்து அடைக்கும். சிலிண்டரை ஒட்டிப் போனா அக்னி நட்சத்திர வெயிலில் பெட்ரோல் ட்யூபுக்குள்ளேயே ஆவியாகி வண்டி மக்கர் பண்ணும்.

நம்ம கடற்கரைக் காத்துக்கு டேங்க் உள்ளே துரு பிடிக்கிறதும் சகஜம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியா இருந்தா கேட்கவே வேண்டாம். துருத் துகள் முதல்ல அடைக்கிறது டேப் வலையைத்தான். டேப் கழட்டின கையோட அதையும் கழுவிடுங்க.

எதுவுமே சரிவரலை, டேப் இருக்கிற இடத்தையே மாத்தணும்னா, கடைசியா வெல்டிங். காலி டேங்க் பத்திரம்னு நினைக்காதீங்க. நிறைஞ்ச டேங்கை விட காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே பெட்ரோல் ஆவியும் காத்தும் கலந்து நிக்கும். பெட்ரோல் டேங்க் வேலையே வழக்கமா செய்யற பட்டறையில் மட்டும் கொடுங்க. கேட் செய்யற கடையில் வேண்டாம்.

எல்லாம் மாட்டினதும் ட்யூபை கார்புரேட்டர் பக்கம் கழட்டி ஒரு பாட்டிலில் விடுங்க. இன்ஜின் ஆறியிருக்கணும், பக்கத்தில் சிகரெட் பார்ட்டிகள் கூடாது. 70 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 35 கொடுக்கிற வண்டி நிமிஷத்துக்கு 33 மில்லிலிட்டர்தான் குடிக்கும். ஆனா டேப்பில் இருந்து நிமிஷத்துக்குக் கால் லிட்டராவது வரட்டும். மேட்டில் முறுக்கினா தேவைப்படும். முதல்ல நல்லா வந்து அப்புறம் மெலிஞ்சா டேப்பைத் திட்டாதீங்க, டேங்க் மூடியில் காத்து ஓட்டை அடைச்சிருக்கு.

அப்புறம் பரங்கிப்பேட்டை வரைக்கும் ஒரு ரவுண்டு. திரும்பி வந்து வண்டி ஆறினதும், டேப்பைச் சுத்தி முகத்துக்குப் போடற பவுடரைத் தூவி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் பவுடரில் ஈரக்கோடு எதுவும் விழலைன்னா, டேங்கைக் கழட்டி பெயின்ட் அடிக்கக் கொடுக்கலாம்.